டத்தோ என்றால் பிரபுவா?

சுங்கை சிப்புட்டில் ஒரு தோட்டக் கோயிலின் செயலாளர் கேட்டிருக்கிறார். கும்பாபிஷேக அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும். வரப்போகிறவர்களில் ஒரு டான்ஸ்ரீ, ஒரு டத்தோஸ்ரீ, இரண்டு டத்தோ. டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெண்மணி தன் கணவரோடு வருகிறார். பெயருக்கு முன்னால் ராஜா என்று இருக்கும் ஒரு மலாய் நண்பரும் வருகிறார். யாரை முதலில் போடுவது, அந்த அம்மையாரின் கணவருக்கு என்ன போடுவது, "பிரபு, கோமான் என்று தமிழில் எழுதினால் அழகாக இருக்கும்" என்று தலைவர் சொல்வது சரிதானா என்பவை கேள்விகள். கூடவே இன்னொன்று: டியூக், ஏர்ல், பேரன் எல்லாம் நம் ஊர் டத்தோ, டான்ஸ்ரீ மாதிரிதானா என்று படிவம் ஆறில் வரலாறு படிக்கும் அவர் மகள் கேட்கிறாளாம்.

தம்பி, பிரபு என்று மட்டும் போடாதீர்கள். டத்தோவைப் பிரபு ஆக்கினால் மரியாதை கூடிவிடாது. அவருக்குக் கிடைத்தது வேறு, நீங்கள் எழுதுவது வேறு என்று ஆகிவிடும். ஏன் என்று புரிய வேண்டுமானால் மலேசியாவில் ஒருவர் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி எந்த வழியாக வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பிறப்பால் வருவது ஒன்று. பதவியால் வருவது ஒன்று. ஆட்சியாளர் பார்த்துச் சூட்டுவது ஒன்று. இந்த மூன்றையும் பிரித்துக்கொண்டால் உங்கள் அழைப்பிதழில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிறப்பால் வருவதில் தொடங்குகிறேன். உங்கள் மலாய் நண்பரின் 'ராஜா' இந்த வகை. பேராக்கிலும் சிலாங்கூரிலும் அரச வம்சத்தில் பிறந்தவர்களுக்கு ராஜா என்று வரும். கெடாவிலும் நெகிரி செம்பிலானிலும் துங்கு. கிளந்தான், திரெங்கானு, பகாங் பக்கம் தெங்கு. நம் வீடுகளிலும் ராஜா என்று பிள்ளைக்குப் பெயர் வைக்கிறோம், ஆனால் அது பெயர். அவருடையது பிறப்புரிமை, அடையாள அட்டையிலேயே இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும். இதே வகையில் இன்னும் சில உண்டு. நபிகள் வழிவந்த குடும்பங்களில் ஆணுக்கு சையத், பெண்ணுக்கு ஷரிஃபா. தாய் அரச குலம், தந்தை அரச குலம் அல்லாதவர் என்றால் மகனுக்கு மெகாட், மகளுக்கு புத்ரி. கிளந்தானில் நிக் என்று தொடங்கும் பெயர்கள் நிறையக் காணலாம்.

நீங்கள் இருப்பது கோலகங்சார் மாவட்டம். அரண்மனை இருக்கும் ஊர் பக்கத்தில்தான். அதனால் பேராக்கின் முறையைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, மற்ற மாநிலங்களில் இப்படி இல்லை. இங்கே தந்தைக்குப் பின் மூத்த மகன் என்று நேராகப் போவதில்லை. அரச குடும்பத்துக்குள் படிகள் வைத்திருக்கிறார்கள்: ராஜா மூடா, ராஜா டி ஹிலிர், அதற்குக் கீழே ராஜா கெச்சில் பெசார், ராஜா கெச்சில் சூலோங், ராஜா கெச்சில் தெங்கா, ராஜா கெச்சில் போங்சு. கீழ்ப்படியில் அமர்த்தப்பட்டவர் மேலே இடம் காலியாகக் காலியாக ஏறி வருவார். மறைந்த சுல்தான் அஸ்லான் ஷா 1962இல் ராஜா கெச்சில் போங்சுவாக, கடைசிப் படியில் அமர்த்தப்பட்டவர். இடையில் வழக்கறிஞராக, நீதிபதியாக உயர்ந்து, 1982இல் நாட்டின் தலைமை நீதிபதியே ஆனார். 1983இல் ராஜா மூடா, 1984இல் சுல்தான், 1989 முதல் 1994 வரை மாமன்னர். அரச குலத்தில் பிறந்தவர்தான் என்றாலும், அரியணைக்கு அவர் வந்தது படி ஏறித்தான்.

அடுத்தது பதவியால் வரும் பெயர்கள். என்னைக் கேட்டால் தமிழர்கள் ஆசையோடு படிக்க வேண்டிய பகுதி இதுதான். பேராக்கில் சுல்தானுக்கு அடுத்தபடியாகப் பெருந்தலைவர்கள் உண்டு, ஓராங் பெசார் என்பார்கள். முதல் வரிசையில் நால்வர், அடுத்து எண்மர், பிறகு பதினாறு பேர், பிறகு முப்பத்திரண்டு பேர். எண்ணிக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போகும். நால்வரில் பெண்டஹாரா, தெமெங்கோங், மந்திரி, ஓராங் காயா பெசார் என்று வரும். கீழே லக்சமணா, ஷாபண்டார், பங்லிமா கிந்தா, மஹாராஜா லேலா போன்றவர்கள். இந்தப் பட்டியலை உரக்கப் படித்துப் பாருங்கள். மந்திரி நம் மந்திரிதான். லக்சமணா இராமன் தம்பி இலக்குவன். மலாய் அரசுகளில் கடற்படைத் தளபதிக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பெண்டஹாராவின் வேர் கருவூலம் என்று பொருள்படும் வடசொல். நம் கோயில்களில் பண்டாரம் என்று புழங்குவதும் அதன் உறவுதான். சுல்தான் அரியணை ஏறும்போது ஸ்ரீ நர டிராஜா என்ற பரம்பரைப் பதவிக்காரர் 'சிரி' என்ற வாசகத்தை ஓதுகிறார். அது சிதைந்த வடமொழி. முழுக்க இஸ்லாமிய அரசின் சடங்குக்குள் அது இன்னும் உயிரோடு இருக்கிறது.

இவர்கள் பெயருக்கு முன்னாலும் 'டத்தோ' என்று வரும். டத்தோ பங்லிமா கிந்தா என்றால் கிந்தாப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர், பதவியோடு மரியாதையும் வந்தது. 1875இல் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் (சுல்தானின் ஆலோசகர்) பர்ச் கொல்லப்பட்டார். அதற்காக 1877இல் தூக்கிலிடப்பட்ட டத்தோ மஹாராஜா லேலாவும் இந்த வகைதான். மஹாராஜா லேலா என்பது அவர் பெற்றோர் வைத்த பெயர் இல்லை, அவர் வகித்த பதவியின் பெயர். நெகிரி செம்பிலானில் இது இன்னும் கெட்டியாக இருக்கிறது. சுங்கை ஊஜோங், ஜெலெபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கு பகுதிகளின் தலைவர்களான உண்டாங்குகள் சேர்ந்துதான் அங்கே ஆட்சியாளரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவர்களும் டத்தோதான், ஆனால் ஆட்சியாளரின் பிறந்தநாள் விருதுப் பட்டியலில் பெயர் வந்து டத்தோ ஆனவர்கள் இல்லை.

பதவி என்றால் பறிபோகவும் செய்யும். இதற்கு நம்மவர் ஒருவரின் கதையே இருக்கிறது. மலாக்காவில் நைனா சட்டு என்று ஒரு தமிழ் இந்து வணிகர். 1509இல் மலாக்காவில் சிறைப்பட்டுக் கிடந்த போர்ச்சுகீசியர்களுக்கு உதவி செய்தவர். 1511இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகெர்க் நகரத்தைப் பிடித்ததும் அவரைப் பெண்டஹாரா ஆக்கினார். ஒரு மலாய் சுல்தானகத்தின் மிக உயர்ந்த பதவிப் பெயர் ஒரு தமிழ் வணிகருக்கு, அதுவும் ஐரோப்பியர் கையால்! மூன்றே ஆண்டுகள். 1514இல் போர்ச்சுகீசியர்கள் அந்தப் பதவியை அவரிடமிருந்து எடுத்துச் சுமத்ராவின் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். நைனா சட்டு சந்தன மரம் அடுக்கிச் சிதை மூட்டி, தான் செய்த சேவையையும் தனக்கு நேர்ந்த அவமானத்தையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுத் தீயில் இறங்கினார் என்று போர்ச்சுகீசியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மலாக்கா வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பரமேஸ்வராவும் ஹங் துவாவும் தெரியும், இவரைத் தெரியாது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள். சுல்தான் காலத்திலேயே, 1500 முதல் 1510 வரை பெண்டஹாராவாக இருந்த துன் முத்தாஹிர் தமிழ் முஸ்லிம் வம்சாவளியில் வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

துன் முத்தாஹிர் என்ற பெயரில் வரும் 'துன்' அந்தக் காலத்தில் மேல்குடியில் பிறந்தவர்களின் அடைமொழி. இன்று அது விருது. பிறப்பில் இருந்த சொல் விருதுக்கு நகர்ந்துவிட்டது. இங்கிருந்துதான் மூன்றாவது வகை, அதாவது உங்கள் அழைப்பிதழில் பெரும்பாலானவர்கள்.

மாமன்னர் தருவதில் மேலே இருப்பது துன். இரண்டு விருதுகளுக்குத்தான் துன் வரும்: எஸ்.எம்.என்., எஸ்.எஸ்.எம். எந்த நேரத்திலும் உயிரோடு இருப்பவர்களில் முதலாவதை 25 பேர், இரண்டாவதை 35 பேர் மட்டுமே வைத்திருக்கலாம். சுங்கை சிப்புட்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. நாட்டில் இவ்வளவு குறைவான பேருக்குக் கிடைக்கும் பட்டம், உங்கள் நாடாளுமன்றத் தொகுதியில் நின்று ஜெயித்த இருவருக்குக் கிடைத்திருக்கிறது: துன் வீ. தி. சம்பந்தன், துன் சாமிவேலு. துன்னுக்கு அடுத்தது டான்ஸ்ரீ. அதுவும் இரண்டு விருதுகளுக்கு, பி.எம்.என்., பி.எஸ்.எம். அதற்குக் கீழே கூட்டரசு டத்தோ.

மாநிலங்கள் தருவது தனிக் கணக்கு. பேராக் சுல்தான் தரும் பட்டங்களில் டத்தோஸ்ரீ மேலே, டத்தோ அடுத்து. டி.பி.சி.எம். என்று பெயருக்குப் பின்னால் போடுகிறார்களே, அது பேராக் அரசவாளின் பெயரில் அமைந்த விருது. சூரா சி மஞ்சாகினி என்பது அந்த வாள். 'சூரா'வில் நம் சுரிகை (குறுவாள்) ஒளிந்திருக்கிறது. மலாயில் எழுதும்போது சுல்தான் தந்தால் பெரும்பாலும் 'டத்தோ' என்று நிறுத்தி மேலே ஒரு குறி போடுவார்கள். மாமன்னரோ மலாக்கா, சபா, சரவாக் ஆளுநர்களோ தந்தால் கடைசியில் 'க்' வரும். தமிழில் எல்லாமே டத்தோதான். அதைப் பிரித்து எழுத வேண்டியதில்லை.

மனைவியருக்கு: துன்னின் மனைவி தோ புவான், டான்ஸ்ரீயின் மனைவி புவான்ஸ்ரீ, டத்தோஸ்ரீயின் மனைவி டத்தின்ஸ்ரீ, டத்தோவின் மனைவி டத்தின். ஆனால் பட்டம் வாங்கியவர் பெண் என்றால் கணவருக்கு ஒன்றும் வராது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் மரபு அப்படித்தான். எனவே அந்த அம்மையாரை 'டத்தோ' என்றே போடுங்கள். 'டத்தின்' என்று போட்டால் அவர் உழைத்து வாங்கியதை யாரோ ஒரு டத்தோவின் மனைவி என்பதற்காக வந்தது போல ஆக்கிவிடுவீர்கள். நம்மவர் அழைப்பிதழ்களில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. கணவருக்குத் திரு. போதும்.

டத்தோவின் மகனுக்கும் எதுவும் இல்லை. பட்டம் அவரோடு முடிகிறது. தந்தவரே திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும், சுல்தான்கள் அப்படிச் செய்ததுண்டு. பணம் கட்டினால் டத்தோ ஆக்குகிறோம் என்று சுற்றுகிறவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாமன்னர், ஆட்சியாளர்கள், ஆளுநர்கள் தவிர வேறு யாருக்கும் இங்கே பட்டம் தரும் அதிகாரம் இல்லை. போலிப் பட்டங்களைத் தடுக்க 2017இல் தனிச் சட்டமே வந்தது. நன்கொடை தருகிறார் என்பதற்காக ஒருவர் சொன்ன பட்டத்தை அப்படியே அச்சில் ஏற்றினால் கோயில் பெயரும் சேர்ந்து கெடும்.

இன்னொரு விஷயம் மனதில் வையுங்கள். பி.ஜே.கே., பி.பி.என்., ஏ.எம்.என். போன்ற விருதுகள் வாங்கியவர்கள் தோட்டப்புறங்களில் நிறைய இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பழைய தொழிற்சங்கத் தலைவர், கூட்டுறவுச் சங்கத்துக்காரர். இவற்றுக்கு முன்னொட்டு கிடையாது, பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆனால் முப்பது நாற்பது வருஷம் ஓடியாடி உழைத்துத்தான் பலர் இவற்றை வாங்கியிருக்கிறார்கள். டத்தோ டான்ஸ்ரீ வந்ததும் இவர்களின் எழுத்துகளை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

சரி, பிரபுவுக்கு வருவோம். தலைவர் சொல்லும் பிரபு, கோமான், சீமான் எல்லாம் பிறப்பும் செல்வமும் சார்ந்த சொற்கள். ஜமீன்தாரும் அப்படித்தான்: நிலம் இருந்தது, அது மகனுக்குப் போனது. சென்னை மாகாணத்தில் 1802 முதல் உருவான ஜமீன்கள் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தோடு போயின. நம் தாத்தாக்கள் அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கப்பலேறி இங்கே வந்தபோது அவர்கள் நாக்கில் இருந்த பெருஞ்சொல் 'துரை'. எட்டையபுரம் துரை, புதுக்கோட்டை துரை என்று குறுநில அரசர்களுக்கு வழங்கிய சொல், கம்பெனி வெள்ளைக்காரனுக்குப் போய், தோட்டத்தில் மானேஜருக்கு வந்து சேர்ந்தது. பெரிய துரை, சின்ன துரை, அவர்களுக்குக் கீழே பெரிய கிராணி, கங்காணி. விடியற்காலைப் பிரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவர்களுக்கு அரசகுலமும் நீதிமன்றமும் எல்லாம் அந்தத் துரைதான். பங்களாவில் இருந்த அம்மா துரைசானி. அதிகாரத்துக்குப் பயந்து சொன்ன சொல் அது. சேவைக்காக ஒருவருக்குத் தரப்படும் பட்டத்துக்கு இந்தக் குடும்பத்துச் சொற்கள் எதுவும் பொருந்தாது.

டத்தோவுக்கு நெருங்கிய உறவு தமிழில் வேறு இடத்தில் இருக்கிறது. பழந்தமிழ் வேந்தர்கள் பட்டம் சூட்டினார்கள். படைத்தலைவனுக்கு ஏனாதி, அதற்கு ஏனாதி மோதிரம் என்றே ஒரு மோதிரம். அரசு அலுவல் பார்த்தவர்களுக்கும் வேளாண் பெருமக்களுக்கும் காவிதி. வணிகர்களுக்கு எட்டி. எட்டிப்பூ, காவிதிப்பூ என்று பொன்னால் செய்த பூவைத் தந்தார்கள். மார்பில் பதக்கம் குத்தி, முன்னொட்டு ஒன்றைத் தந்து அனுப்புகிறார்களே இன்று, அதே வேலைதான். கோயிலில் அறுபத்துமூவரை வைத்திருந்தால் போய்ப் பாருங்கள், ஏனாதிநாத நாயனார் பெயரிலேயே அந்தச் சொல் நிற்கிறது. சோழர் காலத்தில் இது இன்னும் விரிந்தது. மூவேந்தவேளான், பிரமராயன், பேரரையன் என்று அதிகாரிகளுக்கும் தளபதிகளுக்கும் தந்தார்கள், பல நேரம் அரசன் பெயரையே முன்னால் சேர்த்து. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய தச்சர் குஞ்சரமல்லன், கல்வெட்டில் 'இராசராசப் பெருந்தச்சன்' என்று நிற்கிறார். அரசன் தன் பெயரையே ஒரு கைவினைஞருக்குக் கொடுத்த பட்டம். இதைவிட உயர்ந்த டான்ஸ்ரீ உண்டா?

அதற்காக டத்தோவை ஏனாதி என்று மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. பட்டத்தை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. பெருந்தச்சனைப் பெருந்தச்சன் என்றே சொல்வது போல, டத்தோவை டத்தோ என்றே எழுதுங்கள்.

மகளின் கேள்விக்குச் சுருக்கமாக. பிரிட்டனில் பிரபுக்கள் ஐந்து படி: டியூக், மார்க்கிஸ், ஏர்ல், வைகவுண்ட், பேரன். இவை பரம்பரையாக வந்தவை, மூத்த மகனுக்குப் போகும். 1958இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஆயுள் வரைக்குமான பேரன் பட்டமும் பரவலாகத் தருகிறார்கள், அது பிள்ளைக்குப் போகாது. தமிழில் இந்த ஐந்தையும் ஒரே 'பிரபு'வில் அடைத்துவிட்டோம். மவுண்ட்பேட்டன் 1946இல் வைகவுண்ட், 1947இல் ஏர்ல், நமக்கு இரண்டு முறையும் மவுண்ட்பேட்டன் பிரபுதான். வேண்டுமானால் டியூக்குக்குக் கோமகன் என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. மற்றவற்றை அப்படியே ஒலிபெயர்த்துவிடுவது நல்லது. இந்த ஐந்துக்கும் வெளியே இருப்பது 'சர்'. மலாயாவில் இருந்த சர் ஜெரால்ட் டெம்ப்ளர் போன்றவர்களுடையது சேவைக்காகக் கிடைத்த நைட் பட்டம், மகனுக்குப் போகாது. பேரனெட் என்ற ஒரு வகைக்கு மட்டும் 'சர்' பரம்பரையாகப் போகும். நம் டத்தோவும் டான்ஸ்ரீயும் அந்த நைட் வகையைச் சேர்ந்தவை. டியூக்கோடு ஒப்பிட வேண்டுமானால் ராஜா, துங்கு பக்கம்தான் போகவேண்டும், அதுவும் முழுதாகப் பொருந்தாது. இந்தியாவில் படிக்கும் சொந்தக்காரப் பிள்ளைகள் கேட்டால், அங்கே அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு இத்தகைய பட்டங்களையே ஒழித்துவிட்டது, பத்ம விருதைக்கூடப் பெயருக்கு முன்னால் போடக் கூடாது என்று சொல்லலாம்.

இனி அழைப்பிதழ். கும்பாபிஷேகத்துக்குத் தலைமை தாங்குபவர் அல்லது சிறப்பு விருந்தினர் என்று நீங்கள் யாரை அழைத்தீர்களோ அவருக்குத் தனி இடம், மேலே. அவர் வெறும் டத்தோவாக இருந்து, மற்றவர் டான்ஸ்ரீயாக இருந்தாலும் அப்படித்தான். மற்றவர்களை டான்ஸ்ரீ, டத்தோஸ்ரீ, டத்தோ என்று இறக்கி வாருங்கள். அரச குலத்தவரான ராஜா நண்பரைப் பட்டம் பெற்றவர்களுக்கு முன்னால் போடுவது மரியாதை, அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் எளிமையாக இருக்க விரும்புவார்கள். மலாய்ப் பக்கத்தில் அச்சிடும்போது ராஜாவுக்கு யாங் மூலியா, சட்டமன்ற நாடாளுமன்ற உறுப்பினருக்கு யாங் பெர்ஹோர்மாட், டான்ஸ்ரீக்கும் டத்தோவுக்கும் யாங் பெர்பஹாகியா, துன் என்றால் யாங் அமாட் பெர்பஹாகியா. நம் பழக்கத்தில் பலர் டத்தோ என்றாலே 'மாண்புமிகு' சேர்த்துவிடுகிறார்கள். மாண்புமிகு மக்கள் பிரதிநிதிக்கு, மற்ற டத்தோக்களுக்கு 'மதிப்பிற்குரிய' போதும்.

ஒருவருக்கே இரண்டு பட்டம் இருந்தால் கூட்டரசு முன்னால், மாநிலம் பின்னால்: டான்ஸ்ரீ டத்தோஸ்ரீ என்று. டாக்டர் பட்டம் இவற்றுக்குப் பிறகு. பேராசிரியர் மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். அரச குலத்தவருக்கு விருதும் இருந்தால் பிறப்புப் பெயரை முதலில் போடுவது வழக்கம், பினாங்கின் முதல் ஆளுநரை ராஜா துன் ஊடா என்று சொல்வது போல. ஆளாளுக்கு எழுதும் முறை கொஞ்சம் மாறும். எனவே அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் ஒவ்வொருவரின் உதவியாளரிடமும் முழுப் பெயரையும் பின்னெழுத்துகளையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். மெய்ப்பு வந்ததும் அந்த ஒரு பத்தியை மட்டும் அவர்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சரியா என்று கேட்டுவிடுங்கள்.